சுண்ணாம்பும் பச்சிளம் இதயமும்

தில்லையை உலகப் பேருடலின் இதயம் என்பது சைவ மரபு. சிற்றம்பலம் கோயிலின் நட்டநடுவே அமையாமல் சற்று ஒதுங்கி நிற்பதற்கும் அதனையே காரணமாகச் சொல்வர். இவ்வுவமையை உடற்கூற்றியலுக்குச் சான்றாக மேடைகளில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. உவமை உவமையாக நிற்பதே அழகு. ஆயினும் இதயத்தை ஆட்டுவிப்பது எது என்னும் வினா மெய்யானது. விடையின் ஒரு கூறு, கடலோர ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றும் சுண்ணாம்பில் இருக்கிறது. சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்துதான் 1808இல் ஹம்ப்ரி டேவி கால்சியத்துக்குப் பெயரிட்டார்.

1882இல் இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்தார். மறு ஆண்டிலேயே தம் முடிவைத் தாமே திருத்தி எழுதினார். கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அன்றி, நியூ ரிவர் நிறுவனத்தின் குழாய்நீரில் கலக்கப்பட்டிருந்தது. வடித்த நீரில் கலந்தபோது இதயம் விரைவில் வலுவிழந்து நின்றது. குழாய்நீரில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 38 பங்கு இருந்த கால்சியமே வேறுபாட்டுக்குக் காரணம். அறிவியல் வரலாற்றில் இத்தனை நேர்மையான திருத்தங்கள் மிகுதியாக இல்லை.

அவர் எடுத்துக்கொண்டது தவளை என்பதும் கவனிக்கத்தக்கது. வளர்ந்த பாலூட்டியின் இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்துவைக்கும் வலைப்பின்னல் ஒன்று உண்டு. வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் நுழைந்தால், அது உள்ளிருப்பைத் திறந்துவிடும். செல்லின் மேலுறையிலிருந்து உட்புறம் நோக்கிச் செல்லும் நுண்குழாய்கள் அந்த ஆணையை ஆழத்துக்குக் கொண்டுசெல்லும். தசை சுருங்கியபின் ஒரு புரதம் கால்சியத்தை மீண்டும் களஞ்சியத்துக்குள் இறைத்துவிடும். இவ்விறைப்புக்கு ஆற்றல் தருவது ஏ.டி.பி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஃபிஸ்க்குடன் சேர்ந்து பாஸ்டனில் இதனைக் கண்டறிந்து வெளியிட்டது 1929இல். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

தவளையின் இதயச் செல்லில் அந்நுண்குழாய்கள் இல்லை, களஞ்சியமும் மிகச் சிறிது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது வெளிக் கால்சியத்தையே நம்பியிருக்கிறது. 1970களில் ஃபாபியாட்டோ இணையர் மனிதர், நாய், பூனை, முயல், எலி, தவளை எனப் பல உயிர்களின் இதயச் செல்களை ஒப்பிட்டபோது, பிறந்த எலிக்குஞ்சின் செல்லையும் சேர்த்துக்கொண்டனர். அக்குஞ்சின் இதயம், தாயைவிடத் தவளைக்கே நெருக்கமாகத் தோன்றியது. எலியிலும் முயலிலும் நுண்குழாய்கள் பிறந்தபின் சில வாரங்களில்தான் உருவாகின்றன. அதுவரை கால்சியம் மேலுறை வழியாகவே உள்ளே வருகிறது. சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தை வெளியேற்றும் பண்டமாற்றுப் புரதம் மிகுந்திருக்கிறது. வளர வளர அது குறைந்து, களஞ்சியத்துக்குள் இறைக்கும் புரதம் பெருகுகிறது. அன்றாடம் கடையில் வாங்கி உண்ட குடும்பம், மெல்லக் குதிர் கட்டி நெல் சேர்ப்பதைப் போன்றது இது.

மனிதக் குழந்தையில் இம்மாற்றத்தின் கால அளவு எலியினின்று வேறுபடும். எனினும் பச்சிளம் இதயம் வெளிக் கால்சியத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதை மருத்துவம் சற்றுக் கடுமையான முறையிலேயே கற்றது. பெரியவர்களின் வேகத் துடிப்பை அடக்கிய வெரப்பமில் என்னும் மருந்து, கால்சியம் நுழையும் வாயிலை அடைப்பது. அதனை ஊசிவழி பெற்ற கைக்குழந்தைகள் சிலர் இரத்த அழுத்தம் சரிந்து நிலைகுலைந்த செய்திகள் 1980களில் மருத்துவ இதழ்களில் வந்தன. பெரியவருக்குக் குதிர் இருந்தது. குழந்தைக்கு வாயில் ஒன்றே வழி. ஓராண்டு நிறையாத குழந்தைக்கு அம்மருந்தைச் சிரைவழி செலுத்துவதைத் தவிர்க்கும் எச்சரிக்கை அதன்பின் நூல்களில் இடம்பெற்றது. சேமித்த இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பற்றிக்கொள்வது. எனவே பச்சிளங்குழந்தைக்கு மிகுதியாக இரத்தம் ஏற்றும்போது கால்சியத்தின் அளவையும் மருத்துவர் கண்காணிப்பர்.

ரிங்கரின் கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், 1930களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பணியாற்றிய குழந்தை மருத்துவர். 1985இல் அண்ணாமலைநகரில் தொடங்கி இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் மருத்துவமனையிலும், தமிழ்நாட்டின் மற்ற மருத்துவமனைகளிலும், செவிலியர் 'ஆர்.எல்.' என்று சுருக்கி அழைக்கும் புட்டியில் உள்ளது அதுவே. சோடியம், பொட்டாசியம், லாக்டேட், அவற்றோடு கொஞ்சம் கால்சியம்.