பன்னிரண்டு மாதக் காவிரி

காவிரிச் சிக்கலில் பெரிதும் பேசப்படுவது ஆண்டு மொத்தம். 2007 இறுதித் தீர்ப்பில் காவிரி நடுவர் மன்றம், கர்நாடகம் தமிழகத்துக்கு எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் விட வேண்டியதாக நிர்ணயித்தது 192 டி.எம்.சி.; 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. ஆனால் குறுவை நெல்லுக்கு ஜூனில் நாற்றங்கால் நனைய வேண்டும். அக்டோபர் வெள்ளம் அதற்கு உதவாது. 1934-இல் தொடங்கிய மேட்டூர் அணையின் ஜூன் 12 திறப்பு பெரும்பாலான ஆண்டுகளில் தவறிப்போனதும் இந்தக் காலக் கணக்கால்தான். ஆகவே தீர்ப்பின் உயிர்நாடி அதன் மாத அட்டவணை: 2018 திருத்தப்படி ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. ஆண்டுப் பங்கில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தென்மேற்குப் பருவத்தின் இந்த நான்கு மாதங்களுக்கு உரியது.

அந்த அட்டவணை நிற்பது காவிரிப் படுகையின் ஆண்டு வரத்து 740 டி.எம்.சி. என்ற அடித்தளத்தின் மேல். அது 50 சதவீத நம்பகத்தன்மை கொண்ட அளவு. பழைய ஆண்டுகளின் வரத்தை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் எண். பாதி ஆண்டுகளில் ஆறு அதைத் தொடாது. பாசனத் திட்டங்களில் வழக்கமான 75 சதவீதத்தை எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எடுத்திருந்தால் பங்கிடும் நீர் சுருங்கி, நல்ல ஆண்டுகளின் மிகுதி பங்கீட்டுக்கு வெளியே போயிருக்கும். நடு எண்ணைத் தேர்ந்ததில் தவறில்லை. மிகுந்த ஆண்டின் நீரை வறண்ட ஆண்டுக்குத் தேக்கிவைக்க இடம் இருந்தால் அது பொருந்தும். ஆனால் மேட்டூரின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.; பெரும்பாலும் தேங்கிய பருவத்திலேயே அது தீர்ந்துவிடுகிறது.

வறட்சியில் பங்கு விகிதப்படி குறையும் என்று தீர்ப்பே சொல்கிறதே என்பது வலுவான மறுப்பு. ஆனால் எந்த மொத்தத்தின் விகிதம்? அந்த மொத்தம் பருவம் முடிந்த பிறகே தெரியும். தண்ணீரோ ஜூனிலிருந்தே விட வேண்டும். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பத்து நாளுக்கு விநாடிக்கு 15,000 கன அடி என்றது. 2023 ஆகஸ்டு இறுதியில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் பதினைந்து நாளுக்கு விநாடிக்கு 5,000 கன அடி என்றது. பின்னது கூட்டினால் சுமார் ஆறரை டி.எம்.சி.; அட்டவணைப்படி செப்டம்பரில் பாதி மாதத்துக்கே பதினெட்டுக்கு மேல் வர வேண்டும். நெருக்கடி வந்ததும் அட்டவணை ஒதுங்கி, பேரம் முன்வந்தது. மாதத்துக்கு ஒற்றை எண் போதாது. ஜூன், ஜூலை வரத்து இவ்வளவு என்றால் செப்டம்பர் முடிவில் எந்த எல்லைக்குள் மொத்தம் நிற்கும், அதற்கேற்ப அன்றே எவ்வளவு விட வேண்டும் என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணித்து, பருவத்துக்கு முன்பே இரு மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். வறட்சி வந்தபின் அந்தக் கணக்கைத் தொடங்கினால், ஒவ்வோர் எண்ணும் ஒரு தரப்பின் எண்ணாகவே பார்க்கப்படும்.