90 பைசா மாயாவி: கேளம்பாக்கத்தில் காமிக்ஸ் வாங்கிய காலம்

முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வெளிவந்தது. தலைப்பு ‘இரும்புக்கை மாயாவி’, விலை 90 பைசா. பதிப்பாளர் எம். சௌந்தரபாண்டியன்; தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962 முதல் வந்த படக்கதையின் தமிழ் வடிவம் இது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். அவனைப் பெற்ற நாடு மறந்த பிறகும் தமிழ்நாட்டில் அவனுக்கு வாசகர்கள் இருந்தார்கள்.

அன்றைய கேளம்பாக்கம் உப்பளங்களும் கோவளத்து உப்பங்கழியும் சூழ்ந்த சிற்றூர். டூரிங் டாக்கீசில் தரை டிக்கெட் 30 பைசா என்று நினைவு. ஒரு காமிக்ஸ் வாங்கும் காசில் மூன்று சினிமா பார்த்துவிடலாம். அவ்வளவு காசு எங்களில் யாரிடமும் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. மூன்று பேர் ஆளுக்கு 30 பைசா போட்டு, தாம்பரம் போகும் பெரியவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். ரயில் நிலையப் புத்தகக் கடையில் இருந்தால் வாங்கி வருவார். இல்லையென்றால் காசு திரும்பி வரும். சில நேரம் வராது. நாமே போய் வாங்கலாம் என்றால் பேருந்துக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். அட்டையில் அச்சிட்ட விலை எங்கள் விலையில் ஒரு பகுதிதான்.

வாங்கிய புத்தகத்தை ஆளுக்கு ஓர் இரவு வைத்துக்கொள்வோம். பிறகு 5 பைசா வாடகைக்கு விடுவோம். 18 பேர் படித்தால் போட்ட முதல் வந்துவிடும் என்பது கணக்கு. 11 பேருக்கு மேல் தேறவில்லை. அதற்குள் அட்டை கிழிந்துவிட்டது.

1984 ஜூலையில் ஒரே மாதத்தில் இரண்டு புதிய வெளியீடுகள் வந்தன. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஒன்று. முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’, விலை 2 ரூபாய். மற்றொன்று தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், விலை 1.50. மாதம் இருமுறை வந்த இதற்கு நாளிதழ் முகவர்களின் துணை இருந்தது. அதனால் கேளம்பாக்கம் பெட்டிக்கடையிலேயே கயிற்றில் தொங்கியது. 90 பைசாவைவிட 1.50 அதிகம்தான். ஆனால் தாம்பரம் போக வேண்டியதில்லை என்பதால் பிள்ளைகளுக்கு அது மலிவு.

அப்போது நான் புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் வகுப்பில் புவியியல் புத்தகத்துக்குள் ராணி காமிக்ஸை வைத்துப் படித்த ஒரு மாணவனைப் பிடித்தேன். புத்தகத்தைப் பறித்து ஆசிரியர் அறை மேசையில் போட்டேன். மாலையில் வந்து நின்றான்.

“சார், அது என்னோடது மட்டும் இல்ல சார். ஆறு பேர் நாலணா போட்டு வாங்கினது.”

மறுநாள் தருகிறேன் என்று அனுப்பினேன். மறுநாள் மேசையில் புத்தகம் இல்லை. யார் எடுத்தார்களோ, இன்றுவரை தெரியாது. ஒன்றரை ரூபாயை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கத் தயங்கினான். அடுத்த இதழ் வந்துவிட்டது, கடையில் பழையது இருக்காது, கதையை இன்னும் மூன்று பேர் படிக்கவே இல்லை என்றான். பிறகு காசை வாங்கிக்கொண்டு போனான். 30 பைசா சேர்க்கப் பட்ட பாடு தெரிந்த நானே அதைச் செய்தேன்.

ராணி காமிக்ஸ் 500 இதழ்களுடன் 2005இல் நின்றது. அந்த ஆண்டுகளில் சிவகாசி வெளியீடுகள் சாணித் தாளில், கறுப்பு வெள்ளையில், 10 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்தன. தொலைக்காட்சி வந்தபின் பிள்ளைகள் குறைந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். உண்மைதான், ஆனால் பெட்டிக்கடையில் கண்ணில் படாத புத்தகத்தை எந்தப் பிள்ளை கேட்கும்? 10 ரூபாய் அப்போது பெரிய தொகை இல்லை. என் வகுப்புகளில் மாயாவியின் பெயர் தெரிந்தவர்களே அரிதாகிவிட்டார்கள்.

பெரிய நூல்கள் அதன்பின் வந்தன. பெல்ஜியத்துப் படைப்பான ‘XIII’ தொடரின் பாகங்களைத் தொகுத்த ‘இரத்தப் படலம்’ 2010இல் 200 ரூபாய்க்கு வந்தது. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் லயனின் ‘கம்பேக் ஸ்பெஷல்’, வழவழப்பான தாளில், 100 ரூபாய். அடுத்த ஜனவரியில் முத்து காமிக்ஸின் 40 ஆண்டு நிறைவுக்கு ‘நெவர் பிஃபோர் ஸ்பெஷல்’, 400 ரூபாய். வண்ண அச்சுக்கும் நல்ல தாளுக்கும் அவ்வளவு ஆகும். விலை கூடிவிட்டது என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைந்த படிகள் அச்சிட்டு, முன்பதிவை நம்பித்தான் இத்தகைய நூல்களைக் கொண்டுவர முடிகிறது.

புத்தகக் காட்சியில் அந்தக் கடை முன் நின்றவர்களில் பெரும்பாலோர் நரை கண்டவர்கள். 1972இல் காசு சேர்த்த பையன்கள்தான் இப்போது சம்பளக்காரர்களாக வந்திருந்தார்கள். ஓரிருவர் பேரப்பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். பிள்ளைகள் அட்டையைத் தொடப் போனால், “கை வைக்காதே, மடங்கிடும்” என்று தாத்தாக்கள் தடுத்தார்கள்.

வீட்டில் என் 400 ரூபாய் நூல் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அதை இதுவரை படித்தவன் நான் ஒருவன்தான்.