விறகுத் தீவும் ராக்கெட் தீவும்

நம் தாவரவியல் துறையின் பழைய மாணவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என் ஊர் அனுப்பம்பட்டு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் மொட்டைமாடியிலிருந்தே பார்க்கலாம். ராக்கெட்டைப் பற்றிப் பேசாத ஆளில்லை. அது கிளம்புகிற காட்டைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தீவை 1835-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது எதற்குத் தெரியுமா? சென்னைப் பட்டணத்து அடுப்புக்கு விறகு! பிற்பாடு பக்கிங்காம் கால்வாயில் படகு படகாக விறகு போயிற்று. 1969-இல் ராக்கெட் தளத்துக்கு அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9-இல் முதல் ராக்கெட் பறந்தது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த யானாதிகள் பலர் இடம்பெயர வேண்டியதாயிற்று. அந்த விலையை மறக்கக் கூடாது. அதே காவல்தான் கோடரியையும் தடுத்தது. உலக்கைப்பாலை, வீரை, காசா, நாவல் நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு பெரிய அளவில் மிஞ்சிய இடங்களில் அத்தீவும் ஒன்று.

காவல் போட்டால் போதுமா? உள்ளே என்ன இருக்கிறது என்ற கணக்கு வேண்டாமா? காம்பிள் 1915-இல் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் ஃபிஷர் 1936-இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல்தான் நமக்கு அடிப்படை. 1998-இல் தீவின் தாவரங்களுக்கென்றே இஸ்ரோ ஒரு நூல் வெளியிட்டது. சதுரம் அளந்து, மார்பளவு உயரத்தில் மரச் சுற்றளவு எடுத்து, எண் கட்டி, மாதிரியைச் செய்தித்தாளில் அழுத்தி, ஊரும் தேதியும் எழுதிவைப்பது அலுப்பான வேலைதான். ஆனால் அந்தத் தேதி இல்லாவிட்டால், நாளை ஒரு செடி காணாமல் போனாலும் போனது தெரியாது.

தம்பி தங்கைகளே, உங்கள் ஊர்க் கோயில் தோப்பிலிருந்தே தொடங்குங்கள்.