உப்பினும் இப்பினும் வளர வேண்டுமா?

பாகான் செராயில் ஒரு மாலை நேரம். வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக் கொண்டிருக்கிறது. பொரித்த கோழி கேட்டுப் பாட்டியை நச்சரிக்கிறான் திரையில் ஒரு மொட்டைத் தலைச் சிறுவன். ஐந்து வயதுத் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்தப் பக்கமாகப் போகும் பதின்மூன்று வயது அண்ணன், "இன்னுமா இந்தக் குழந்தைப் படத்தைப் பார்க்கிறே?" என்று கேலி செய்துவிட்டு, கைப்பேசியோடு அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக் கொள்கிறான். எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே கூடத்தில் உட்கார்ந்து இதே தொடருக்குச் சிரித்தவன்தான் அவன்.

இக்காட்சியைக் காணாத பெற்றோர் குறைவு. சிறுவர்களுக்கான அசைவூட்டத் தொடர், அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளோடு சேர்ந்து தானும் வளர வேண்டுமா என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

வளர வேண்டும் என்பவர்கள் கூறும் காரணம் எளிமையானது. பிள்ளையின் நம்பிக்கையைப் பெற்ற கதாபாத்திரம், அவன் தடுமாறும் வயதில் கைவிடலாமா? கூடாது என்பவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்: அண்ணனுக்காகக் கதை முதிர்ந்துவிட்டால், அடுத்துப் பிறந்த தங்கை எதைப் பார்ப்பாள்? இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்வதற்கு முன், இந்நாட்டுக் கார்ட்டூன் கடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது.

சருகுமானில் தொடங்கிய கதை

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பரில். ஆனால் உள்ளூரில் உருவான அசைவூட்டக் குறும்படம் திரைக்கு வர மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. 'ஹிக்காயாட் சங் கஞ்சில்' என்ற அந்தப் படம் 1983-இல் ஆர்டிஎம்மில் ஒளியேறியது. மலாய் நாட்டுப்புறக் கதைகளில் வரும் தந்திரக்காரச் சருகுமான்தான் அதன் நாயகன். அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். பிலெம் நெகாராவில் பணியாற்றிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கலைஞர். நாட்டின் முதல் அசைவூட்டக் கதையை வரைந்தது நம்மவரின் கை என்பதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

சருகுமான் வளரவில்லை. வளர வேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை. நாட்டுப்புறக் கதை நாயகனுக்கு வயது கிடையாது. தெனாலிராமனுக்கு எத்தனை வயது என்று எந்தக் குழந்தையாவது கேட்டதுண்டா? வயதைப் பற்றிய கேள்வி, கார்ட்டூனில் நம்மைப் போன்ற குடும்பமும் பள்ளியும் தெருவும் வந்த பிறகுதான் எழுந்தது.

பேராக் தந்த பையன்

அந்தக் கேள்விக்கு முதல் விடை பேராக் மண்ணிலிருந்தே வந்தது. கோப்பேங்கை அடுத்த கோத்தா பாருவில் 1951-இல் பிறந்த முகமட் நோர் காலிட், 'லாட்' என்ற பெயரில் உலகறிந்த கேலிச்சித்திரக்காரர். 1979-இல் வெளிவந்த அவரது 'கம்போங் பாய்' நூல், ஒரு குழந்தை பிறந்தது முதல் விடுதிப் பள்ளிக்காகக் கம்பத்தை விட்டுப் புறப்படும் நாள் வரை தொடர்கிறது. 1981-இல் வந்த 'டவுன் பாய்' நூலில் அதே பையன் ஈப்போவில் வளர்கிறான். சீன நண்பனோடு சேர்ந்து பாட்டுக் கேட்கிறான். பதின்ம வயதின் கூச்சத்தோடு ஊர் சுற்றுகிறான்.

ஆக, புத்தகத்தில் லாட்டின் பையன் வளர்ந்தான். ஆனால் 1997-இல் அதே பையன் 26 பாகங்கள் கொண்ட தொலைக்காட்சித் தொடரின் நாயகனானபோது, கம்பத்துச் சிறுவனாகவே நின்றான். அத்தொடரின் ஒரு பாகம் 1999-இல் பிரான்சின் அன்னசி அசைவூட்டத் திருவிழாவில் பரிசு வென்றது. புத்தகத்துக்குப் பக்கம் முடிந்தால் அடுத்த புத்தகம் உண்டு. தொலைக்காட்சிக்கோ, இன்று பார்க்கும் பிள்ளை நாளை போய்விடுவான். அவன் இடத்தில் வேறொரு பிள்ளை வந்து உட்காருவான். இரண்டு ஊடகங்களின் கணக்கும் வெவ்வேறு.

குரல் வளர்ந்தது, கதாபாத்திரம் வளரவில்லை

2007-ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் டிவி9-இல் சில நிமிடக் குறுந்தொடராக வந்தவர்கள்தான் உப்பினும் இப்பினும். நோன்பின் பொருளைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல லெஸ் கோபாக் நிறுவனம் தயாரித்த அச்சிறு முயற்சி, நாட்டின் மிகப் புகழ்பெற்ற தொடராக மாறியது. 2019-இல் வந்த அவர்களது திரைப்படம், ஆஸ்கார் விருதின் அசைவூட்டப் பிரிவுக்குப் பரிசீலிக்கப்பட்ட 32 படங்களில் ஒன்றாக இடம்பெறும் அளவுக்கு உயர்ந்தது.

ஆனால் இரட்டையருக்கு வயது இன்னும் ஐந்துதான். கம்போங் டுரியான் ருந்துவில் அதே பாட்டி, அதே அக்காள், அதே பாலர் பள்ளி. ராஜூவும் அவனது மாடு சப்பியும் அப்படியே. முத்து அங்கிளின் உணவுக் கடையும் அப்படியே. முதலில் இரட்டையருக்குக் குரல் கொடுத்தவர் நூர் ஃபத்தியா டியாஸ் என்ற சிறுமி. சில ஆண்டுகளில் அவர் இடத்துக்கு அஸ்யீலா புத்ரி வந்தார். குரல் கொடுத்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். குரல் மட்டும் குழந்தைக் குரலாகவே காக்கப்பட்டது.

இது சோம்பல் அல்ல. தெரிந்தே செய்த தேர்வு. பால் பல் விழுவதும், நோன்பில் பசிப்பதும், நண்பனோடு சண்டையிட்டுச் சேர்வதும் ஒவ்வோர் ஆண்டும் ஐந்து வயதை எட்டும் பிள்ளைகளுக்குப் புத்தம் புதிய அனுபவங்கள்.

வளர்ந்து பார்த்தவன்

அதே லெஸ் கோபாக்கிலிருந்துதான் எதிர்த்தரப்பின் விடையும் புறப்பட்டது. அங்கு பணியாற்றிய நிசாம் ரசாக், நண்பர்களுடன் வெளியேறி அனிமோன்ஸ்தா நிறுவனத்தைத் தொடங்கினார். 2011-இல் டிவி3-இல் 'போபோய்பாய்' வந்தது. சக்தி பெற்ற ஒரு சிறுவன். அவனுக்குத் துணையாக யாயா, யிங், ஃபாங், நம் வீட்டுப் பிள்ளையைப் போன்ற கோபால்.

ஐந்தாண்டுகள் கழித்து, 2016-இல் 'போபோய்பாய் கேலக்சி' வந்தபோது நேயர்கள் வியந்தார்கள். பையன் உயர்ந்திருந்தான். முகம் மாறியிருந்தது. கம்பத்து எல்லையைத் தாண்டி அண்டவெளிக்குப் போனான். பகைவன் யார், நண்பன் யார் என்பது முன்போல் எளிதாக இல்லை. முதல் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் கைவிடவில்லை. 2019-இல் வந்த இரண்டாவது திரைப்படத்துக்குத் திரையரங்குகள் நிறைந்தன. வளரலாம், வளர்ந்தும் வெல்லலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சற்றுப் பொறுக்க வேண்டும். கதை அங்கே முடியவில்லை. 2021-இல் அதே நிறுவனம் 'மெக்காமாத்தோ'வைக் கொண்டுவந்தது. அதன் நாயகன் அமாத்தோ, போபோய்பாயின் தந்தை. ஆனால் திரையில் அவர் ஒரு சிறுவன்! மகனை வளர்த்துவிட்ட நிறுவனம், புதிதாக வரும் பிள்ளைகளுக்காகத் தந்தையைச் சிறுவனாக்க வேண்டியிருந்தது.

உலகம் போய்த் திரும்பிய வழி

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். 2005-இல் வந்த 'பென் 10' நாயகனுக்குப் பத்து வயது. 2008-இல் அவனைப் பதினைந்து வயதாக்கினார்கள். 2016-இல் தொடரை மீண்டும் தொடங்கியபோது, பென் திரும்பவும் பத்து வயதுப் பையன். 1991-இல் தவழும் குழந்தைகளை வைத்துத் தொடங்கிய அமெரிக்காவின் 'ரக்ராட்ஸ்' தொடரும் அப்படியே. 2003-இல் அக்குழந்தைகளைப் பெரிய பிள்ளைகளாக்கித் தனித் தொடர் எடுத்தார்கள். 2021-இல் மறுபடியும் தவழவிட்டார்கள். இந்தியாவின் சோட்டா பீம் இன்னும் ஒரு படி கீழே போனான். 2008-இல் சிறுவனாக வந்தவன், 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் பேசத் தெரியாத மழலையாக வந்து உலகத்தைச் சிரிக்க வைத்தான்.

வரலாறு சொல்லும் பாடம் தெளிவானது. கதாபாத்திரத்தை வளர்த்தவர்களும் கடைசியில் குழந்தைப் பருவத்தின் வாசலுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த வாசலை மூட முடியாது. அதே வேளையில், 'கேலக்சி'யைப் போல் மூத்த பிள்ளைகளுக்கு வேறொரு வாசலைத் திறந்து வைத்தவர்களே அவர்களைத் தக்க வைத்துக் கொண்டார்கள். ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும்: முதல் வாசலை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு அடுத்த வாசல் எங்கே?

நம்மிடம் ஏணி இருந்தது

தமிழர்களுக்கு இது புதிய கேள்வி அன்று. கிரியான் வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் வந்த நம் மூதாதையரிடம் தொலைக்காட்சி இல்லை. ஆனால் லயத்து வாசலில் பாட்டியின் கதை இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த 'அம்புலிமாமா' இருந்தது. 1947-இல் தொடங்கிய அவ்விதழில் விக்கிரமாதித்தன் பல்லாண்டு காலம் அதே வேதாளத்தைத் தோளில் சுமந்து நடந்தான். வாசகன் வளர்ந்துவிட்டான் என்பதற்காக அவன் பாதையை மாற்றிக் கொள்ளவில்லை.

வளர்ந்த வாசகனுக்கு வேறு இடம் காத்திருந்தது. 1950-களில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைத் திறந்தது. பள்ளி மாணவர்கள் எழுதினார்கள், தங்கள் பெயரை அச்சில் பார்த்தார்கள், மேலும் எழுதினார்கள். மலேசிய, சிங்கைத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே அந்தப் படியில் கால் வைத்து ஏறியது. அம்புலிமாமாவுக்கும் பெரியவர்களின் நாவலுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை அன்று ஒரு நாளிதழ் நிரப்பியது.

பதின்மூன்றில் அறுபடும் நூல்

இன்று அந்த நடுப்படி எங்கே? நம் பிள்ளைகளுக்கு இக்கேள்வி மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுடும். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அடுத்த ஆண்டே இடைநிலைப்பள்ளியில் பாடங்கள் மலாய் மொழிக்கு மாறுகின்றன. தமிழ் வகுப்பு நடக்க வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் முன்வந்து கேட்க வேண்டும். வகுப்பறையில் தமிழ் சுருங்கும் அதே வயதில், திரையிலும் அது சுருங்குகிறது. 2007-இல் தமிழகத்தில் தொடங்கிய சுட்டி டிவி, டோராவைத் தமிழ் பேச வைத்தது. அது சின்னப் பிள்ளைகளின் உலகம். அண்மை ஆண்டுகளில் ஜப்பானியத் தொடர்கள் சில தமிழ்க் குரலோடு வருவது மகிழ்ச்சிக்குரியது. என்றாலும் அவை தோக்கியோ பள்ளிப் பிள்ளைகளின் கதைகள். பாகான் செராயிலிருந்து பள்ளிப் பேருந்து ஏறும் பிள்ளையின் கதை அல்ல.

ராஜூவும் கோபாலும் நம் பிள்ளைகளுக்குத் தங்கள் முகத்தைத் திரையில் காட்டினார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் தேசிய மொழியில் பேசுவதும் இயல்பே. ஆனால் பதின்மூன்று வயதில் புதிய பள்ளியில் தனித்து நிற்கும் கூச்சத்தை, வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் இடையே தடுமாறும் நாக்கை, தமிழில் யார் சொல்வது?

முடியாத காரியம் என்று தள்ளிவிட வேண்டாம். நாட்டின் முதல் அசைவூட்டக் கதையை வரைந்தவர் ஓர் ஆனந்தம் சேவியர். உள்ளூர் அசைவூட்டத் துறைக்கு எம்டெக் போன்ற அமைப்புகளின் ஆதரவு இருக்கிறது. கணினியில் வரையக் கற்ற நம் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். பத்து நிமிடத் தொடர் ஒன்று போதும், தொடங்குவதற்கு. தொலைக்காட்சி நிலையங்களும் இயக்கங்களும் திருவிழா மேடைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலே வழி பிறக்கும்.

உப்பினும் இப்பினும் ஐந்து வயதிலேயே இருக்கட்டும். தங்கைக்கு அவர்கள் வேண்டும். அவளுக்குப் பின் பிறக்கப் போகும் பிள்ளைக்கும் வேண்டும். கதவைச் சாத்திக் கொண்ட அண்ணனைத் திரும்பக் கூடத்துக்கு அழைத்து வர, அவனுடைய வயதில், அவனுடைய மொழியில் ஒரு கதையை நாம்தான் தயாரித்தாக வேண்டும்.