ஆயத்த ஆண்டு: ஏணி சுங்கச்சாவடியான வரலாறு

1

பல்கலைக்கழக வாசலில் ஒரு திண்ணை போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் உள்ளேயும் சேர்த்தியில்லை, வெளியேயும் சேர்த்தியில்லை. வேற்று நாட்டிலிருந்து வரும் மாணவர் பட்டப்படிப்புக்குள் நுழையுமுன் ஏறத்தாழ ஓராண்டு அதில் உட்கார வேண்டும். மொழி, கணிதம், அறிவியல், கட்டுரை எழுதும் முறை என்று படித்துத் தேர்வெழுதித் தேறினால் உள்ளே விடுவார்கள். பிரித்தானியாவில் இதற்கு 'ஃபவுண்டேஷன் இயர்' என்று பெயர். ஜெர்மனியில் 'ஸ்டூடியன்கொலெக்'. ரஷ்யர்கள் 'பொத்ஃபாக்' என்பார்கள். நாம் 'ஆயத்த ஆண்டு' என்று வைத்துக்கொள்வோம்.

'ஆயத்தம்' அப்பாவித்தனமான சொல்லாகத் தோன்றும். "பையன் இன்னும் ரெடியாகல, ஒரு வருஷம் தயார் பண்ணிக்கிட்டுப் போகட்டுமே" என்றால் அதில் தப்பென்ன இருக்கிறது? ஆனால் தயாராக இல்லாதவர் மாணவர்தான் என்று இந்தச் சொல் முதலிலேயே தீர்ப்பெழுதிவிடுகிறது. மாணவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒரு தூரம் இருப்பது உண்மை. அதை ஒரு முனையில் இருப்பவர் மட்டுமே நடந்து கடக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? அந்த நடைக்கான செலவு யார் தலையில்? கடந்த நூறாண்டுகளில் இக்கேள்விகளுக்கு வெவ்வேறு பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தப் பதில்கள் மாறிவந்த கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

2

1918 ஆகஸ்ட் 2 அன்று சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பதினாறு வயது நிறைந்த எவரும், ஆணானாலும் பெண்ணானாலும், எந்த நாட்டுக் குடியுரிமை உடையவரானாலும், சான்றிதழ் எதையும் காட்டாமல் உயர்கல்வி நிறுவனத்தில் சேரலாம். கட்டணம் கிடையாது. கதவைக் கழற்றியே வைத்துவிட்டார்கள்.

என்ன ஆயிற்று? உள்ளே போன தொழிலாளிக்கு விரிவுரை புரியவில்லை. பேராசிரியர் பழைய ஆள், பாடமும் பழைய பாடம். கதவில்லாத வாசலிலும் ஏற்கெனவே படித்த குடும்பத்துப் பிள்ளைகள்தான் தடையில்லாமல் நடந்து போனார்கள். பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போதே, வீட்டிலிருந்து பண்பாட்டு மூலதனம் கொண்டுவருபவனுக்கு மட்டும் அது எப்படிச் சொந்தமாகிறது என்று பியர் பூர்தியூவும் பாஸ்ரோனும் 1970-ல் 'மறு உற்பத்தி' நூலில் கோட்பாடாக்கினார்கள். மாஸ்கோ அரை நூற்றாண்டு முன்பே அதை அனுபவத்தில் கண்டுகொண்டது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் 'ரப்ஃபாக்', அதாவது தொழிலாளர் பிரிவு. முதலாவது ரப்ஃபாக் 1919 பிப்ரவரியில் மாஸ்கோவின் வணிகவியல் கழகத்தில் திறக்கப்பட்டது. பகலில் படித்தால் மூன்றாண்டு, வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படித்தால் நான்காண்டு. பின்னால் உலகெங்கும் பரவிய ஆயத்தப் படிப்புகளுக்கு இது ஒரு முக்கிய முன்மாதிரி. இதில் கவனிக்க வேண்டியது, தூரத்தை அரசு தன் கடனாக எழுதிக்கொண்டது என்பது. படிக்கவிடாமல் வைத்திருந்தது பழைய சமூகம். ஈடுசெய்ய வேண்டியது புதிய அரசு. இதுதான் அன்றைய தருக்கம்.

இதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. யார் ஏணியில் ஏறலாம் என்பதைத் தொழிற்சங்கமும் கட்சியும் எழுதிக்கொடுக்கும் பரிந்துரை தீர்மானித்தது. பாட்டாளியின் பெயரால் பாட்டாளியை வடிகட்டும் அதிகாரமும் கூடவே வந்தது. 1930களின் முடிவில் ரப்ஃபாக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. வேலை முடிந்துவிட்டது, இனித் தேவையில்லை என்றார்கள். 1940 அக்டோபரில் பள்ளியின் மேல்வகுப்புகளுக்கும் உயர்கல்விக்கும் கட்டணம் திரும்பி வந்தது. அது ஒழிய 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

3

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த வடிவம் கிழக்கு ஜெர்மனிக்குப் போனது. 1949-லிருந்து அங்கே 'தொழிலாளர் - விவசாயிகள் பிரிவுகள்' பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இயங்கின. 1951-ல் நைஜீரியாவிலிருந்து பதினொரு மாணவர்கள் லைப்சிக்கில் வந்து இறங்கினார்கள். அவர்களை எங்கே உட்கார வைப்பது? தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்காகப் போட்டிருந்த அதே பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். உள்நாட்டில் வர்க்கத்தால் ஒதுக்கப்பட்டவனுக்கான ஏணி, வெளியே காலனியத்தால் ஒதுக்கப்பட்டவனுக்கும் சாத்தப்பட்ட தருணம் இது. 1956-ல் அயல்நாட்டு மாணவருக்கென்று தனி நிறுவனமே உருவாகி, 1961-ல் ஹெர்டர் நிறுவனம் என்று பெயர் பெற்றது.

இந்த நிறுவனத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜெர்மன் மொழியை வேற்றுமொழிக்காரருக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று ஆசிரியர்களுக்குத் தெரியாது. அவர்கள்தான் கற்க வேண்டியிருந்தது. அந்தக் கற்றலிலிருந்து ஓர் ஆய்விதழ் வந்தது. 1969-ல் 'அயல்மொழியாக ஜெர்மன்' என்ற துறைக்கு முதல் பேராசிரியர் இருக்கை லைப்சிக்கில் உருவானது. மாணவரைத் தயார்செய்யப் போன இடத்தில் பல்கலைக்கழகமும் கொஞ்சம் தயாரானது. தூரத்தின் மறுமுனையிலிருந்தும் நடக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

மாஸ்கோவில் 1960 பிப்ரவரியில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. காங்கோவின் பத்ரிஸ் லுமும்பா 1961 ஜனவரியில் கொல்லப்பட்டதும் அடுத்த மாதமே அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் முதலில் ஆயத்தப் பிரிவில் ரஷ்ய மொழியும், எடுக்கப்போகும் துறைக்கேற்ற அடிப்படைப் பாடங்களும் படித்தார்கள். கட்டணம் இல்லை. சோவியத் மாணவரைவிடக் கூடுதல் உதவித்தொகை. இலங்கையிலிருந்து முதல் ஆண்டிலேயே மருத்துவம் படிக்கப் போனவர்களில் ஒருவர் ரோகண விஜேவீர. படிப்பை முடிக்காமல் 1964-ல் ஊர் திரும்பியவருக்கு சோவியத் அரசு மறுபடி விசா கொடுக்கவில்லை. 1971 கிளர்ச்சியின் தலைவராகத்தான் பிறகு உலகம் அவரை அறிந்தது. ஆயத்தம் செய்கிறவர் எதற்காக ஆயத்தம் செய்கிறாரோ அதற்கே மாணவர் ஆயத்தமாவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

'நட்புறவு' என்ற சொல்லாடலுக்குள் மூச்சுமுட்டியவர்களும் உண்டு. 1963 டிசம்பர் 18 அன்று, கானா நாட்டு மருத்துவ மாணவர் ஒருவரின் மரணத்தை முன்வைத்து, ஆப்பிரிக்க மாணவர்கள் செஞ்சதுக்கத்தில் ஊர்வலம் போனார்கள். நிறவெறியை எதிர்ப்பதாகச் சொல்லும் நாட்டின் தெருவில் தாங்கள் படும் பாட்டைக் கேள்வியாக்கினார்கள். இலவசமாகக் கொடுப்பவன் நன்றியை எதிர்பார்ப்பான். நன்றி சொல்ல மறுப்பவனை அவனுக்குப் புரியாது. இதையும் இந்த வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

4

இனி பிரித்தானியா. பேரரசு இருந்தவரை காலனி மாணவர் கட்டியதும் உள்ளூர் மாணவர் கட்டியதும் ஒரே கட்டணம். 1966 டிசம்பரில் தொழிற்கட்சி அரசின் கல்வி அமைச்சர் ஆண்டனி கிராஸ்லண்ட் முதல் கோட்டைக் கிழித்தார்: 1967-லிருந்து உள்ளூராருக்கு 70 பவுண்டு, வெளிநாட்டாருக்கு 250 பவுண்டு. மார்கரெட் தாட்சர் அரசு 1979-ல் கோட்டை மதிலாக்கியது. வெளிநாட்டு மாணவர் முழுச் செலவையும் கட்ட வேண்டும் என்றது. 1980 இலையுதிர்காலம் முதல் கலைப்பாடங்களுக்குக் குறைந்தபட்சம் 2000 பவுண்டு, அறிவியலுக்கு 3000, மருத்துவப் பயிற்சிக்கு 5000.

தரப்படுத்தலால் வாய்ப்பிழந்த யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் 1970களில் பிரித்தானியாவுக்குப் படிக்கப் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். ஈரோஸ் அமைப்பு 1975-ல் லண்டனில் உருவானதும் இந்தச் சூழலில்தான். மலேசியாவில் 1971-ன் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பிறகு இட ஒதுக்கீட்டுக்கு வெளியே நின்ற சீனர், தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் லண்டன் ஒரு வழியாக இருந்தது. ஊரில் ஒரு கதவு சாத்தப்பட்டு, அதற்கு மாற்றாகத் தேடிப்போன கதவும் விலை ஏறிப்போனது. 1981-ல் 'பிரித்தானியப் பொருளைக் கடைசியாக வாங்கு' என்று மகாதீர் அரசு அறிவித்ததற்கான காரணங்களில் இந்தக் கட்டண உயர்வும் ஒன்று. பணக்காரக் குடும்பங்களோ எப்படியும் கட்டினார்கள்.

இங்கேதான் ஆயத்த ஆண்டு உருமாறுகிறது. இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு பதின்மூன்று ஆண்டு, பட்டம் மூன்றாண்டு. பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு வருபவருக்கு ஓராண்டு குறைகிறது. இது வெறும் கணக்கு வித்தியாசம். முழுக் கட்டணம் வந்த பிறகு அந்த வித்தியாசம் சந்தையானது. வட இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சில 1987-ல் கூட்டமைப்பாகச் சேர்ந்து மலேசிய மாணவர்களுக்காக ஆயத்தப் படிப்பைத் தொடங்கின. ஆஸ்திரேலியாவில் 1994-ல் பெர்த் நகரத்தில் எடித் கோவன் பல்கலைக்கழகத்தை ஒட்டித் தொடங்கிய ஒரு தனியார் கல்லூரி, 2004-ல் பங்குச்சந்தைக்கு வந்து, 2007-ல் 'நவிடாஸ்' என்று பெயர் மாற்றி, 2019-ல் தனியார் முதலீட்டு நிதியத்தின் கைக்குப் போனது. பிரித்தானியாவில் 2005-ல் 'இன்டோ' வந்தது. பல்கலைக்கழகங்களோடு கூட்டுச் சேர்ந்து வளாகத்துக்குள்ளேயே ஆயத்த மையங்களைக் கட்டியது. திண்ணையை மட்டும் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரூராக ஏஜென்டுகள். ஒரு மாணவரைப் பிடித்துக் கொடுத்தால் கட்டணத்தில் இத்தனை சதவீதம் கமிஷன்.

ஆக, ரப்ஃபாக்கில் அரசின் கடனாக இருந்த தூரம் இப்போது மாணவரின் குறையாகிவிட்டது. அந்தக் குறையைப் போக்கும் மருந்துக்கு விலையும் வைத்தாயிற்று. குறை எவ்வளவு பெரிதாகக் காட்டப்படுகிறதோ அவ்வளவுக்கு மருந்து விற்கும். 'கீழைநாட்டு மாணவருக்கு மனப்பாடம்தான் தெரியும், விமர்சன சிந்தனை வராது' என்ற பழைய காலனியச் சொல்லாடல் பாடத்திட்டமாகத் திரும்பி வருவது இப்படித்தான்.

5

இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர்களுக்கும் ஆயத்த ஆண்டு உண்டு. அதில் வகுப்பறைப் பாடங்களுக்கு 5760 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025-26 கல்வியாண்டிலிருந்து அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது. வெளிநாட்டு மாணவருக்கு உச்சவரம்பே கிடையாது. இதைப்போல மும்மடங்கு வாங்குவது சாதாரணம்.

2024 ஜனவரியில் 'சண்டே டைம்ஸ்' ஒரு 'அம்பலம்' வெளியிட்டது: குறைந்த மதிப்பெண் பெற்ற வெளிநாட்டார் ஆயத்தப் படிப்பு வழியாகக் குறுக்கே நுழைகிறார்களாம், உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் பறிபோகிறதாம். மண்டல் காலத்தில் நாம் காது புளிக்கக் கேட்ட அதே 'தகுதி - திறமை' கூச்சல்தான் இது. உள்ளூர் மாணவரும் குறைந்த மதிப்பெண்ணோடு தம் ஆயத்த ஆண்டில் சேரத்தானே செய்கிறார்கள்? காசு வாங்கும்போது வாடிக்கையாளன், வாங்கி முடித்ததும் ஊடுருவியவன். அதே மாதத்தில்தான் பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்கள் குடும்பத்தாரை அழைத்துவரும் உரிமையும் பறிக்கப்பட்டது.

லுமும்பா பல்கலைக்கழகத்தின் கதியும் தெரிந்ததுதான். 1992-ல் லுமும்பாவின் பெயர் நீக்கப்பட்டது; 2023-ல் திரும்ப வைக்கப்பட்டது. பெயர் வந்த அளவுக்கு இலவசம் திரும்பி வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏஜென்டிடம் பணம் கட்டித்தான் போகிறார்கள்.

வேறு வழியே இல்லையா? ஜெர்மனியின் அரசு ஸ்டூடியன்கொலெக்குகளில் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை. லைப்சிக்கில் ஹெர்டர் நிறுவனத்தின் வேலை இன்றும் அந்த வடிவில் தொடர்கிறது. நம்ம ஊர் பிளஸ் டூ மட்டும் முடித்தவர் பொதுவாக அந்த வழியாகத்தான் ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்குள் போக முடியும். அங்கேயும் நுழைவுத் தேர்வு உண்டு, விசாவுக்காக வங்கியில் பணம் முடக்கிக் காட்ட வேண்டும், தனியார் கடைகளும் முளைத்திருக்கின்றன. ஆனாலும் பொதுச் செலவில் இதை நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி என்று நட்சத்திர ஓட்டல்களில் கூட்டம் கூடும்போது மாணவர் அமைப்புகள் அங்கே போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஆயத்த ஆண்டில் தேறினால் இடம் உறுதியா, எழுத்தில் தருவாயா? தேறாதவர்கள் எத்தனை பேர்? கமிஷன் எவ்வளவு? சி.பி.எஸ்.இ.க்கு ஒரு மதிப்பெண், மாநில வாரியத்துக்கு அதைவிடக் கூடுதல் என்று பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றனவே, அந்த வித்தியாசத்தை அளந்தது யார்? கடன் வாங்கியும் நிலத்தை விற்றும் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு இவற்றுக்கான பதில்கள் புறப்படும் முன்னால் தெரிய வேண்டும். திண்ணையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்லப் போவதில்லை.