கிருஷ்ணகிரி – ஓசூர் வட்டாரத்தில் கிறிஸ்தவம்

தமிழகத்தின் வடமேற்கு மூலையில், கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2 விழுக்காடு. தூத்துக்குடி, கன்னியாகுமரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. திரள் திரளாக மக்கள் மதம் மாறிய வரலாறும் இங்கே பெரிதாக இல்லை. ஒரு வீட்டிலிருந்து சம்பந்தி வீட்டுக்கும், ஓர் ஊரிலிருந்து பிழைக்கப் போன ஊருக்கும் என்று உறவு வழியாகவே விசுவாசம் இங்கே நகர்ந்திருக்கிறது.

முதல் தொடர்பு மைசூர் பக்கமிருந்து வந்தது. இத்தாலிய இயேசு சபைக் குருவான லியோனார்தோ சின்னமி 1648-ஐ ஒட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் மறைப்பணியைத் தொடங்கினார். துறவிக் கோலம், மரக்கறி உணவு, உள்ளூர் மொழி என்பது அந்தக் குருக்களின் வழி. கன்னடத்தில் ஞானோபதேசமும் இலக்கணமும் எழுதிய சின்னமி 1676-இல் இறந்தார். 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டபின், பாரிஸ் வேதபோதகச் சபையினர் இந்தப் பணியை ஏற்றனர். திப்பு காலத்தில் மைசூர் நாட்டுக் கிறிஸ்தவர்கள் சிதறிப்போனார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவர்களைத் தேடிச் சேர்த்தவர் அந்தச் சபையின் குருவான அபே துபுவா. குருவின் முகத்தையே காணாமல் கிடந்த அந்த ஆண்டுகளில் மந்திரம் சொல்லிக்கொடுத்ததும், சாகும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்ததும் உபதேசியார்களும் வீட்டுப் பெரியவர்களுமே. குருக்களின் பெயர்கள் ஏடுகளில் நிற்கின்றன. இவர்களில் பலருக்குப் பெயர்கூடப் பதிவாகவில்லை. இந்த வரலாற்றின் முதல் கடன் இவர்களுக்கே உரியது.

நிர்வாகம் பலமுறை கைமாறியது. 1930-இல் சேலம் மறைமாவட்டமும், அதிலிருந்து 1997-இல் தருமபுரி மறைமாவட்டமும் உருவாயின. எலத்தகிரி, கந்திகுப்பம், சுண்டம்பட்டி, மத்திகிரி, மத்தகொண்டபள்ளி ஆகியவை இப்பகுதியின் அறியப்பட்ட கத்தோலிக்க ஊர்கள்.

சீர்திருத்தச் சபைகளின் வரலாற்றில் கிருஷ்ணகிரிக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனில் பணியாற்றிய தியோடோர் நேதர், ஃபிரான்ஸ் மோன் ஆகிய இரு ஜெர்மானியர்கள், வேதாகமம் முழுவதும் பிழையற்றதா என்ற தகராறில் அந்த மிஷனை விட்டு விலகினார்கள். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை 1894 அக்டோபரில் அவர்களைப் பணிக்கு நியமித்து அனுப்பியது. 1895-இல் நேதர் கிருஷ்ணகிரியில் தங்கினார். மிசௌரி சபை வெளிநாட்டில் தொடங்கிய முதல் பணித்தளம் இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர் என்று வேலை பரவியது. 1907-இல் நாகர்கோவிலையும் எட்டியது. பின்னாளில் உருவான இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையின் வேர் இந்தச் சிறு தாலுகா ஊரில் இருக்கிறது. 1904-இல் கிருஷ்ணகிரியைப் பிளேக் தாக்கியபோது நேதர் ஊரைவிட்டுப் போகவில்லை. அந்த நோயிலேயே இறந்தார்.

லுத்தரன் சபை கொண்டுவந்த பாடப்புத்தகமே குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1529-இல் வெளியான லுத்தரின் சிறிய ஞானோபதேசம், பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று சொல்லிச் செல்கிறது. ‘இதற்கு அர்த்தம் என்ன?’ என்று கேள்வி, மனப்பாடமாகப் பதில். திடப்படுத்தலுக்குமுன் பிள்ளைகள் இதை ஒப்பிக்க வேண்டும். எழுத்தறியாத தாய்மார்கள், மிஷன் பள்ளியில் படிக்கும் மகன் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டே பாடமாக்கிக்கொள்வதும் உண்டு. விசுவாசம் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு ஏறிப்போகும் வழியாக அது இருந்தது. கத்தோலிக்க வீடுகளில் இந்த வேலையைச் செய்தது மாலைச் செபமாலை. அதைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் பாட்டி.

திருமணம் இன்னொரு வழி. இரு சபைகளிலும் கல்யாணத்துக்குமுன் மூன்று ஞாயிறு ‘ஓலை’ வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயர், தகப்பன் பெயர், ஊர், பங்கு. பிறகு பெண்ணின் விவரம். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி ஒரு வேண்டுகோள். சொந்தத்தில் பெண் எடுப்பது இங்கே வழக்கமென்பதால், நெருங்கிய உறவுக்குக் கத்தோலிக்கர்கள் ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவ வீடுகள் அரிதாக இருந்த பகுதியில், எந்த ஊரில் தம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சபை முழுதும் அறியச் செய்ததும் இந்த ஓலைதான். மருமகளாக வந்தவள் புகுந்த வீட்டின் வழிபாட்டை மாற்றியதும் உண்டு. தன்னுடையதை விட்டுக்கொடுத்ததும் உண்டு.

சாதி இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. லுத்தரன் மிஷன் தளங்களில் சேர்ந்தவர்களில் பெரும்பங்கினர் ஒடுக்கப்பட்ட மக்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பின்னர் சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் இன்றும் சேர்க்கப்படவில்லை. ஞாயிறன்று கோயிலுக்குப் போகும் குடும்பம் சாதிச் சான்றிதழில் வேறாக இருப்பதற்கு இதுவே காரணம். அந்தக் குடும்பங்களை இரட்டை வேடக்காரர்கள் என்று ஏசுவது அநியாயம். நம்பிக்கைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் இடையே அவர்களை நிறுத்தியது சட்டம்.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூரின் முகமே மாறியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் எழ, திருநெல்வேலி, கன்னியாகுமரி, கேரளம் எனப் பல இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கையில் ஊர்ச் சபையின் பரிந்துரைக் கடிதம் இருக்கும். உட்காரக் கோயில் இருக்காது. ஆகவே வாடகை வீட்டு முன்னறையில் பாய் விரித்து ஜெபக்கூட்டம். முதல் ஷிப்ட் முடிந்தவர் வேலை உடையோடு வந்து உட்காருவார். இரவு ஷிப்டுக்குப் போகிறவர் கடைசி ஜெபத்துக்குமுன் எழுந்து போவார். ஆள் பெருகினால் மாடியில் கொட்டகை, பிறகு மனை. வார ஓய்வு ஞாயிறாக அமையாத ஆலைத் தொழிலாளிக்கு வீட்டுக் கூட்டமே சபை. கத்தோலிக்கப் பங்குகளில் இதே தேவையை ‘அன்பியம்’ நிறைவேற்றுகிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி வேதம் வாசிக்கும் குழு அது. புதிதாகக் குடிவந்த வீட்டை அருள்தந்தைக்கு முன்பே அறிந்துகொள்பவர்கள் இந்தக் குழுவினர்.

மூன்று மொழி புழங்கும் ஓசூரில் குடியேறியோர் மலையாளத்தையும் சேர்த்தார்கள். 2017 அக்டோபரில் போப் பிரான்சிஸ் கேரளக் கத்தோலிக்கரின் சீரோ மலபார் திருச்சபைக்கென ஓசூர் மறைமாவட்டத்தை நிறுவினார். முதல் ஆயர் செபாஸ்டியன் பொழோலிபரம்பில். சென்னையும் அதன் எல்லைக்குள் வருகிறது. மலையாளத்தில் வழிபடும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் இங்கே தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து வளர்கிறார்கள். அவர்களுக்கு மறைக்கல்வியை எந்த மொழியில் நடத்துவது என்பது அந்தப் பங்குகளின் இன்றைய கேள்வி.