லெக்னானியின் பாவாடை: டூட்டூ வரலாற்றில் ஒரு காலப்பிசகு

பாலே உடையான டூட்டூவின் வரலாறு பெரும்பாலும் அதன் நீளத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் மாரி கமார்கோ தம் காலடி வேலை தெரியும்படி பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தினார். 1832இல் மாரி தக்லியோனியின் வெள்ளைப் பாவாடை கெண்டைக்காலில் நின்றது. 1880களில் இத்தாலிய ஆடலரசிகள் அதை முழங்கால்வரை ஏற்றினர். பிறகு அது தட்டுப்போல் விரிந்து நின்றது. ஆட்ட நுட்பம் வளர வளரத் துணி சுருங்கியது என்பதே இவ்வரிசையின் உட்பொருள். சொல்வதற்கு எளிய வரிசைதான். ஆனால் இதன் கடைசிப் படி சான்றுகளோடு பொருந்தவில்லை. டூட்டூவை டூட்டூ ஆக்கியது நீளம் குறைந்தது அன்று. துணி தைக்கப்பட்ட இடம் மாறியதே என்று கொள்ள இடமிருக்கிறது.

தக்லியோனி ‘லா சில்ஃபீத்’ ஆடிய பாரிஸ் மேடையில் பாவாடை இடையிலிருந்து தொங்கியது. மெல்லிய வெண்துணி அடுக்குகள் இடையில் சுருக்கிக் கட்டப்பட்டு, தம் கனத்தாலேயே மணி வடிவில் கீழே விழுந்தன. அடிப்படையில் அது அக்காலப் பெண்கள் வீதியில் உடுத்திய பாவாடையின் உறவுதான். எடை மட்டுமே குறைவு. அந்த எடையின்மையை ஆடுபவர்கள் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பதற்கு ஆடலரசி எம்மா லிவ்ரியின் முடிவே போதும். மேடை உடைகளைத் தீப்பற்றாத கரைசலில் தோய்க்க வேண்டும் என்று பிரான்சில் 1859இல் ஆணை வந்தது. தோய்த்த துணி விறைத்தது, வெண்மையும் மங்கியது. லிவ்ரி அதை உடுத்த மறுத்தார். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது வாயு விளக்கில் பட்டு அவர் பாவாடை தீப்பற்றியது; எட்டு மாதம் துன்புற்று 1863 ஜூலையில் இறந்தார். உடையின் எரிந்த மிச்சம் இன்றும் பாரிஸ் ஒபெராவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

‘டூட்டூ’ என்ற சொல் பிரெஞ்சில் 1881 முதல் பதிவாகிறது. மெல்லிய வலைத்துணிக்குப் பெயரான ‘டியூல்’ என்பதிலிருந்து இது பிறந்ததாகச் சிலர் சொல்வதுண்டு. ஒலி ஒப்புமை தவிர அதற்கு ஆதாரம் இல்லை. பின்புறத்தைக் குறிக்கும் குழந்தைப் பேச்சுச் சொல் ஒன்றின் திரிபு என்பதே வலுவான விளக்கம். பாரிஸ் ஒபெராவின் ஆவணக் காப்பாளராக இருந்த சார்ல் நுய்த்தெர் இச்சொல்லுக்குத் தந்த பொருள் கவனிக்கத்தக்கது: மானம் காக்க ஆடலரசியர் உள்ளே அணியும் மிகக் குட்டையான உள்பாவாடை. அதாவது பெயர் முதலில் வெளியே தெரிந்த மணிப் பாவாடைக்கு உரியதாக இல்லை. உள்ளே மறைந்திருந்த சிறு துணிக்கே உரியதாக இருந்தது. உள்ளாடையின் பெயர் எப்போது, ஏன் முழு உடைக்கும் ஏறியது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நீளத்தை மட்டும் அளந்துவந்தவர்கள் இதைக் கேட்கவில்லை.

தட்டு எப்போது வந்தது என்ற கேள்வி உண்மையில் முடிவாகும் இடம் ஆடலரசி பியெரினா லெக்னானியின் நிழற்படங்கள். முப்பத்திரண்டு ‘ஃபூவெத்தே’, அதாவது ஒற்றைக்காலில் நின்று மறுகாலைச் சாட்டைபோல் வீசிச் சுழலும் சுற்றுகள், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. பீட்டர்ஸ்பர்க்கில் 1893இல் ‘சிண்ட்ரெல்லா’விலும், 1895 ஜனவரியில் மாரின்ஸ்கி அரங்கில் ‘அன்ன ஏரி’யிலும் அவற்றை ஆடிக்காட்டினார். வழக்கமான வாசிப்பு இதுதான்: இத்தகைய சுழற்சி கால் முழுதும் தெரிய வேண்டும் என்று கேட்டது, அதனால் தட்டு டூட்டூ வந்தது. ஆனால் 1895இல் அன்ன அரசியாக லெக்னானி நிற்கும் படத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் தட்டு எங்கும் இல்லை. கச்சு இடையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இடையிலிருந்தே புறப்படும் பல அடுக்குத் துணி முழங்காலை ஒட்டிக் கீழ்நோக்கிச் சரிந்து, மணிபோல் கவிந்து நிற்கிறது. இடுப்பெலும்பின் மட்டத்தில் துணி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஐந்தாண்டு முன்பு ‘உறங்கும் அழகி’யில் அரோராவாக ஆடிய கார்லோத்தா பிரியான்சாவின் படங்களிலும் இதே மணிதான்.

இப்படத்தைச் சான்றாகக் கொள்வதற்குத் தடைகள் சொல்லப்படுவதுண்டு. நிழற்பட நிலையத்தில் அசையாமல் நின்று எடுத்த படம் ஆட்டத்தின் உடையைக் காட்டாது என்பது ஒன்று. இது பாதி உண்மை. நிற்கும்போது சரியும் துணி சுழலும்போது சரியாது என்பது மெய்யே. ஆனால் அது இங்கே தட்டு வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. இடையில் சுருக்கித் தொங்கவிட்ட மணிப் பாவாடை சுழற்சியின் விசையில் தானே வெளிநோக்கி எழுந்து விரியும். வேகம் தளரத் தளர அமரும். முப்பத்திரண்டு சுற்றையும் பார்வையாளர் கண்ணுக்குப் பெரிதாக்கிக் காட்டியிருக்கக்கூடியது இந்த விரிவே. விறைத்த தட்டோ சுழன்றாலும் நின்றாலும் ஒன்றுபோல்தான் இருக்கும். படத்துக்காக வேறு உடை உடுத்தியிருக்கலாம் என்பது இன்னொரு தடை. அப்படி எண்ண எந்தக் காரணமும் காட்டப்படாதவரை அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அக்காலச் சுழற்சியில் வீசிய கால் இன்றுபோல் அவ்வளவு உயரம் ஏறவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஸ்தெபானோவ் ஆட்டக் குறியீட்டுச் சுவடிகளைக் கொண்டு 1999இல் செர்கேய் விகாரெவ் மாரின்ஸ்கியில் ‘உறங்கும் அழகி’யையும், 2016இல் அலெக்சேய் ரத்மான்ஸ்கி சூரிச்சில் ‘அன்ன ஏரி’யையும் மீட்டெடுத்தனர். முதலாவதில் 1890இன் உடைகளே மறுபடி தைக்கப்பட்டன. இன்றைய ஆடலரசியர் அந்த நீண்ட பாவாடையோடு அதே ஆட்டங்களை ஆடினர். பாவாடை காலைத் தடுக்கவில்லை. நுட்பம் துணியைக் குறைத்தே தீரவேண்டும் என்ற வாதம் இதற்குமேல் நிற்பது கடினம்.

ஆடலரசி விர்ஜீனியா சுக்கி 1885இல் பீட்டர்ஸ்பர்க்கில் பாவாடையைக் குட்டையாக்கியது இதற்கு மாறாகக் காட்டப்படுகிறது. அவர் குட்டையாக்கியது உண்மை. குட்டையான மணியும் மணிதான்.

ஓவியர் தெகாவின் ‘பதினான்கு வயதுச் சிறு ஆடலாள்’ சிலையை நீளத்துக்குச் சான்றாக எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1881இல் மெழுகுச் சிலையாகக் காட்சிக்கு வந்தபோது அதற்கு உண்மைத் துணியிலேயே பாவாடை இருந்தது. தெகா இறந்தபின் வார்க்கப்பட்ட வெண்கலப் பிரதிகளின் பாவாடைகள் அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகம் வேறுபடுகின்றன. ஓரிடத்தில் குட்டை, ஓரிடத்தில் முழங்கால்வரை. அவற்றில் தெரிவது 1881இன் டூட்டூ அன்று. அதை மாற்றித் தைத்தவர்களின் எண்ணமே.

உண்மையான திருப்பம் 20ஆம் நூற்றாண்டில்தான் நிகழ்ந்தது. 1907இல் அன்னா பாவ்லோவா ஆடிய அன்னத்தின் உடைகூட முழங்கால் பக்கம் சரியும் பாவாடையே. பின்னர் வந்த தட்டு டூட்டூவில் வலைத்துணி அடுக்குகள் இடையிலிருந்து தொங்குவதில்லை. கச்சுக்குக் கீழே இடுப்பைப் பற்றும் பட்டை. அதன் கீழ் உடலோடு ஒட்டிய உள்கால்சட்டை. பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலை அந்தக் கால்சட்டையிலேயே வரிசை வரிசையாகத் தைக்கப்படுகிறது. மிக நீளமான அடுக்கு மேலே, மிகக் குட்டையானது தொடையருகே. கீழடுக்குகள் மேலடுக்கைத் தாங்கி நிமிர்த்துகின்றன. நடுவில் ஒரு கம்பி வளையமும் சேர்ந்தால் தட்டு முழுமை பெறும். கஞ்சி போட்ட பருத்தித் துணி வியர்வையில் தளர்ந்துவிடும். நைலான் வலை தளராது. நுய்த்தெர் சொன்ன மானம் காக்கும் உள்துணி இங்கே முழு உடைக்கும் அடித்தளமாகிவிட்டது. பெயர் உள்ளிருந்து வெளியே ஏறியதற்கும் இம்மாற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்பது ஊகமே. எனினும் நீளத்தைக் கொண்டு விளக்குவதைவிட இது பொருத்தமானது.

நுட்பம் பின்னராவது, கால்கள் காதளவு உயர்ந்த காலத்தில், தட்டைக் கேட்டிருக்கலாமே எனலாம். அப்படியானால் 1950இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சினின் ‘சிம்ஃபனி இன் சி’க்காக உடை வடிவமைப்பாளர் கரின்ஸ்கா செய்தது விளங்காது. வளையமிட்ட தட்டுகள் நெருங்கிய வரிசைகளில் ஒன்றோடொன்று இடித்துச் சாய்ந்தன. ஆகவே அவர் வளையத்தை எடுத்துவிட்டு, குறைந்த அடுக்குகள் தளர்வாகச் சாயும் மென்மையான டூட்டூவைத் தைத்தார். அங்கே முடிவு செய்தது கால் அன்று, பக்கத்தில் நின்றவளின் பாவாடை.

உடை அறைகளில் இவ்வேறுபாடு இன்றும் கண்கூடு. ‘ஜிசெல்’ பாலேயின் நீண்ட பாவாடையை மற்ற எந்தப் பாவாடையையும்போல் நேராகத் தொங்கவிடுகிறார்கள். அடுக்குகள் தொய்யாமலிருக்கத் தட்டு டூட்டூவைத் தலைகீழாக மாட்டுகிறார்கள்.